மண் விடும் மூச்சு: கரியமில வாயுவும் மண்ணின் குணமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மண் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உழவர்கள் கேட்டவை, பாடத்துக்காக மாணவர்கள் கேட்டவை, மண்ணில் கார்பனைச் சேர்த்து, அந்தச் சேமிப்பை விற்று வருமானம் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் கேட்டவை என எல்லாம் கலந்து இங்கே இருக்கின்றன. நமக்குப் பழக்கமான கரிசல், செம்மண், தேரி, வண்டல், நீலகிரி மண் ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் விளக்கியிருக்கிறேன்.

மண்ணிலிருந்து கரியமில வாயு எப்படி வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது. பயிரின் வேர் மூச்சு விடுகிறது. அப்புறம், மண்ணில் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சருகு, சாணம், செத்த வேர், பழைய மக்கு (மக்கிய கரிமப் பொருள்) எல்லாவற்றையும் தின்று, அதிலுள்ள கார்பனைக் கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் மண் சுவாசம். பாதிக்குப் பாதி என்பது தோராயக் கணக்கு. பயிரையும் பருவத்தையும் பொறுத்து அது நிறையவே மாறும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். ஈரமான வயலில் ஓரடி ஆழத்தில் உள்ள மண்காற்றில் அது 1 சதவீதத்தைத் தாண்டிவிடும். உள்ளே அடர்த்தி அதிகம், வெளியே குறைவு. அதனால் வாயு தானாகவே மேல்நோக்கிக் கசிகிறது. கசியும் வேகம் மண்ணின் துளைகளைப் பொறுத்தது.

அளவு என்ன? கவலைப்பட வேண்டியதா?

உலகம் முழுக்க மண் ஓராண்டில் வெளிவிடும் கார்பன், நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் வருவதைப் போல ஏறத்தாழ 8 முதல் 10 மடங்கு. ஆனால் செடிகொடிகள் ஏறக்குறைய அதே அளவை ஒளிச்சேர்க்கையில் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வரவும் செலவும் இவ்வளவு பெரியவையாக இருக்கும்போது, அவற்றுக்கு நடுவில் வரும் சின்ன வித்தியாசம்கூடக் காற்றின் கணக்கை மாற்றிவிடும். கவலை அந்த வித்தியாசத்தைப் பற்றியது. மண் மூச்சு விடுவதே தவறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூச்சு விடாத மண்ணில் பயிர் வராது.

ஒரே ஊர், ஒரே மழை. என் வயலும் பக்கத்து வயலும் ஏன் ஒரே அளவு வெளிவிடுவதில்லை?

முதலில் பார்க்க வேண்டியது மண் நயம், அதாவது மணல், வண்டல், களி மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பனை நிற்கும் சிவந்த தேரி மணலை எடுத்துக்கொள்ளுங்கள். துளைகள் பெரியவை, காற்று தாராளமாகப் போய்வரும். நீங்கள் போடும் எரு நுண்ணுயிருக்கு மறைவில்லாமல் கிடைக்கிறது. சில வாரங்களிலேயே அதில் பெரும்பகுதி வாயுவாகிப் போய்விடும். ஆனால் தேரி மண்ணின் மொத்த வெளியீடு குறைவுதான், ஏனென்றால் தின்பதற்கு அங்கே இருப்பதே கொஞ்சம். வேகம் அதிகம், அளவு குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மணல் மண் நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதம் ஓயாமல் நடக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் இதற்கு நேர்மாறு. அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் மிக மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். ஒரு கிராம் களியின் பரப்பைப் பிரித்து விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். மக்கின் மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணுயிரின் நொதியால் அவற்றை எளிதில் பிய்த்தெடுக்க முடிவதில்லை. போதாததற்கு, களி சின்னச் சின்ன மண்குருணைகளாகத் திரண்டு மக்கை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. பாக்டீரியாவால் நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள் அந்தக் குருணைகளுக்குள் உண்டு.

செம்மண் இடையில் நிற்கிறது. அதன் களி பெரும்பாலும் கயோலினைட்; பரப்பு குறைவு. ஆனால் அந்தச் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு மக்கைப் பிடித்து வைப்பதில் கெட்டி. செம்மண் என்றாலே கார்பன் நிற்காது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது.

கரிசல் கறுப்பாக இருக்கிறதே, கார்பன் நிறைய என்றுதானே அர்த்தம்?

இல்லை. நம் மானாவாரிக் கரிசலில் அங்ககக் கார்பன் (மக்கில் உள்ள கார்பன்) பல இடங்களில் 0.5 சதவீதத்துக்கும் கீழே, அதாவது பரிசோதனை அட்டை 'குறைவு' என்று குறிக்கும் அளவில்தான் இருக்கிறது. கொஞ்சம் மக்கே களியோடு இறுகப் பிணைந்து அவ்வளவு கறுப்பைக் கொடுத்துவிடுகிறது. நிறத்தைப் பார்த்து மண்ணை எடைபோட்டு எரு போடாமல் விடுவது கரிசலுக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

இன்னொன்று, கரிசலின் அடியில் சுக்கான்கல் கிடக்கும். அது கால்சியம் கார்பனேட். அதிலும் கார்பன் உண்டு. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறதே, அந்த நுரை கரியமில வாயுதான். ஆகவே இத்தகைய மண்ணில் வாயுவை அளக்கும்போது எவ்வளவு மக்கிலிருந்து, எவ்வளவு சுண்ணாம்பிலிருந்து என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் வகையை (ஐசோடோப்பை) அளந்து இதைப் பிரிக்கிறார்கள்.

கோடை முடிந்து முதல் மழை விழும்போது மண்ணில் என்ன நடக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நான்கு மாதம் காய்ந்து கிடந்த மண்ணில் மழை விழுந்த சில மணி நேரத்திலேயே கரியமில வாயு வெளியீடு பல மடங்கு எகிறும். இரண்டு மூன்று நாளில் வடியத் தொடங்கிவிடும். கென்யாவில் பணியாற்றிய எச். எஃப். பர்ச் 1958-ல் இதைத் தெளிவாக எழுதியதால் இதற்கு 'பர்ச் விளைவு' என்றே பெயர். நம்மைப் போல மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலத்தில்தான் அவர் அதைக் கண்டார்.

காரணங்கள் பல. கோடையில் செத்துப்போன நுண்ணுயிர்களின் உடல், பிழைத்திருப்பவற்றுக்குச் சுலபமான தீனியாகிறது. பிழைத்தவை தாங்கள் வறண்டுவிடாமல் இருக்கச் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை, அமினோ அமிலங்களை நீர் பட்டதும் வெளியே கொட்டுகின்றன. காய்ந்த மண்குருணைக்குள் நீர் பாய்ந்து, உள்ளே சிக்கிய காற்று அழுந்தி, குருணை உடைகிறது. இத்தனை நாள் மூடியிருந்த மக்கு வெளிப்படுகிறது. துளைகளில் தேங்கியிருந்த பழைய வாயுவை மழைநீர் வெளியே தள்ளுகிறது.

மண்வாசனை வருவதும் இதே நேரத்தில்தான். அந்த மணத்துக்கு முக்கியக் காரணமான ஜியோஸ்மினை ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. ஆக, மூக்குக்கு மணம் எட்டும் அதே வேளையில் கண்ணுக்குத் தெரியாமல் கார்பனும் போய்க்கொண்டிருக்கிறது.

வாயு மட்டும் வெளிவருவதில்லை. நுண்ணுயிர் மக்கைத் தின்னும்போது அதிலிருந்த தழைச்சத்தும் பயிர் எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. மண்ணைப் புழுதியாக உழுது நன்றாகக் காயவிட்டால் அந்த ஆண்டு எரு அதிகம் வேண்டியதில்லை என்று நம் முன்னோர் கண்டிருந்ததற்கு மண்ணியல் தரும் விளக்கம் இதுவே. அந்தச் சமயத்தில் நிலத்தில் வேர் இருந்தால் சத்து பயிருக்கு. வெறும் நிலமாகக் கிடந்தால் அடுத்த பெருமழையில் கரைந்து போகும். அதே உழவை ஆண்டுதோறும் செய்து, எதையும் திரும்பப் போடாமல் இருந்தால், ஒவ்வொரு கோடையும் சேமிப்பில் கைவைப்பதாகத்தான் முடியும்.

ஈரம் கூடக்கூட வாயுவும் கூடுமா?

ஒரு அளவு வரை கூடும். மண் துளைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் நீரும் மீதி காற்றும் இருக்கும்போது நுண்ணுயிர் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்கிற பதம் கிட்டத்தட்ட அதுதான். அதற்கு மேல் நீர் ஏறினால் காற்று நுழைய வழியில்லை. நீருக்குள் வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. ஆக்சிஜன் தீர்ந்து, மக்குவதும் மந்தமாகிறது.

மணல் மண் இந்தப் பதத்துக்குச் சீக்கிரம் வந்து சீக்கிரமே விட்டுவிடும். களிமண் தாமதமாக வரும், நீண்ட நாள் நிற்கும். ஒரே மழை இரண்டு வயலில் இரண்டு விதமாக வேலை செய்வதற்கு இதுவும் காரணம்.

அப்படியென்றால் தண்ணீர் கட்டிய நஞ்சைதானே நல்லது? கரியமில வாயு குறைகிறதே?

டெல்டா வயலில் சேறடித்து நீர் கட்டியதும் கரியமில வாயு குறைவது உண்மை. ஆனால் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறொரு கூட்டம் வேலையைத் தொடங்குகிறது. அவை விடுவது மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது இதற்கு நல்ல வழி. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் விளைச்சல் பெரும்பாலும் குறைவதில்லை. மீத்தேன் நன்றாகக் குறைகிறது. காயும் நாட்களில் கரியமில வாயுவும், வெப்பத்தைப் பிடிக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் கூட்டிக் கழித்தால் லாபமே. தண்ணீரும் மிச்சம்.

நீரில் மூழ்கிய மண் கார்பனை எவ்வளவு காலம் வைத்திருக்கும்?

ஊட்டிக்கு அருகே, சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே உள்ள பள்ளங்களில் கறுத்த சதுப்பு மண் இருக்கிறது. பீட் என்பார்கள். செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. குளிரும், ஆக்சிஜன் எட்டாத ஈரமும் சேர்ந்து அதைக் காத்திருக்கின்றன. 1993-ல் ஆர். சுகுமார் குழுவினர் இந்த மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் அங்கே சோலையும் புல்லும் எப்படி மாறி மாறி வந்தன என்று சொன்னார்கள். அவ்வளவு பழைய கார்பன் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அதே மண்ணில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் ஹோல்ம் ஃபென் சதுப்பில் இதற்குச் சாட்சி நிற்கிறது. 1850களின் தொடக்கத்தில் அருகிலிருந்த ஏரியை வடித்தபோது ஒரு இரும்புத் தூணை அதன் தலை தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேலே சுமார் 4 மீட்டர் நிற்கிறது. தூண் எழும்பவில்லை, நிலம்தான் இறங்கியிருக்கிறது. நீர் போனதும் முதலில் மண் அமுங்கியது. காற்று புகுந்த பிறகு மக்கி, கரியமில வாயுவாகக் காற்றில் கலந்தது மீதி. நீலகிரிச் சதுப்பில் கேரட் போடலாமே என்று யாராவது ஆலோசனை சொன்னால் இந்தத் தூணைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

வெப்பம் கூடினால்?

பொதுவாக, 10 டிகிரி செல்சியஸ் கூடினால் மண் சுவாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் ஈரம் இருந்தால்தான். நம் சித்திரை வெயிலில் வெறும் நிலத்தின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அப்போது மண் கிட்டத்தட்ட மூச்சே விடுவதில்லை, காரணம் வறட்சி. நம் சமவெளியில் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது ஈரம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் வெப்பம்.

நெடுங்காலம் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டு ஆய்வு இருக்கிறது. 1991 முதல் மண்ணுக்குள் கம்பி பதித்து 5 டிகிரி கூடுதல் சூட்டில் வைத்திருக்கிறார்கள். முதல் பத்தாண்டுகளில் வாயு நிறைய வந்தது. பிறகு, சுலபமான தீனி தீர்ந்ததால் அடங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, கடினமான மக்கைத் தின்னத் தொடங்கி, மறுபடி கூடியது. 26 ஆண்டு முடிவுகள் 2017-ல் வந்தன. சூடேறிய மண் சீக்கிரம் பழகிக்கொள்ளும் என்ற நம்பிக்கையை அவை பெரிதும் குறைத்துவிட்டன.

உழவால் எவ்வளவு போகிறது?

உழுத சில மணி நேரத்தில் ஒரு வேகமான வெளியீடு இருக்கும். அது துளைகளில் இருந்த வாயு. அதற்குப் பின் வாரக்கணக்கில் நடப்பதுதான் உண்மையான இழப்பு. கொழு குருணைகளை உடைத்து, உள்ளே ஒளிந்திருந்த மக்கைக் காற்றுக்கும் நுண்ணுயிருக்கும் திறந்துவிடுகிறது. ரோட்டவேட்டர் மண்ணை மாவாக்கிவிடுவதால் இந்தச் சேதம் இன்னும் அதிகம். அவசரத்துக்கு இரண்டு சால் கூடுதலாக ஓட்டும் பழக்கத்தை விடுங்கள் என்று பார்க்கும் உழவரிடமெல்லாம் சொல்கிறேன்.

உழாமல் விட்டால் கார்பன் கட்டாயம் சேரும் என்றும் சொல்லிவிட முடியாது. மேல் 10 செ.மீ.யில் கூடும், கீழே குறைந்திருக்கலாம். மேல்மண்ணை மட்டும் அளந்துவிட்டு வெற்றி என்று அறிவித்த கணக்குகள் பல உண்டு.

யூரியாவும் சுண்ணாம்பும்கூடக் கரியமில வாயு விடுமாமே?

ஆமாம். இது நுண்ணுயிர் மக்கைத் தின்பதால் வருவதல்ல, வேதிவினை. யூரியா மண்ணில் சிதைந்து அமோனியாவாகும்போது அதன் கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகிறது. 45 கிலோ மூட்டைக்கு 33 கிலோ. அமில மண்ணில் சுண்ணாம்புக்கல் தூள் போட்டால் 100 கிலோவுக்கு அதிகபட்சம் 44 கிலோ வரும்.

நீலகிரித் தேயிலை, காய்கறி நிலங்கள் அமில மண். அங்கே பாக்டீரியா கொஞ்சம் ஒடுங்கி, பூஞ்சை ஓங்கியிருக்கும். அமிலம், குளிர், மக்கைப் பிடித்துக்கொள்ளும் அலுமினியம் எல்லாம் சேர்வதால் அங்ககக் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பது அங்கே சாதாரணம். சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்தால் நுண்ணுயிர் விழித்துக்கொள்ளும், மக்குவதும் வேகமெடுக்கும். பயிருக்குத் தேவை என்றால் போடத்தான் வேண்டும். பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் வேண்டாம்.

களர், உவர் நிலத்தில்?

உவரில் உப்பு நுண்ணுயிரின் உடலிலிருந்து நீரை இழுத்துவிடும், மூச்சு குறையும். களரில் சோடியம் குருணையைக் கலைத்து மண்ணை இறுக்கிவிடும். இரண்டிலும் பயிர் சரியாக வராததால் திரும்பிச் சேரும் தழையும் வேரும் சொற்பம். குறைந்த வெளியீட்டைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. களருக்கு ஜிப்சம் இட்டு, வடிகால் வைத்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுதால் வாயு கூடத்தான் செய்யும். அது நிலம் தேறிவருவதற்கு அடையாளம்.

எரு போட்டால் வாயு கூடும் என்கிறீர்கள். அப்போ போடக்கூடாதா?

போடுங்கள். தயங்கவே வேண்டாம். போட்டதில் பெரும்பகுதி ஓராண்டுக்குள் வாயுவாகிப் போகும், உண்மை. ஆனால் அந்தக் கார்பன் செடி காற்றிலிருந்து எடுத்ததுதானே? அது திரும்பப் போகிறது. மிஞ்சும் பகுதி களியோடு ஒட்டி, நுண்ணுயிர் உடலாகி, மெல்ல மெல்லச் சேமிப்பாகிறது. எரித்தால் அந்த மிச்சமும் கிடையாது.

எதைப் போடுகிறோம் என்பது முக்கியம். நுண்ணுயிரின் உடலில் கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் சுமார் 8:1. இளம் சணப்பு, தக்கைப்பூண்டு இதற்குக் கொஞ்சம் அருகில் வரும். அதனால் விரைவாக மக்கி விரைவாக மூச்சாகும். மக்காத தென்னை நார்க்கழிவில் 100:1-க்கு மேல். அதை அப்படியே போட்டால் நுண்ணுயிர் தனக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். அதனால்தான் நார்க்கழிவை மக்கவைத்துப் போடச் சொல்வது.

ஒரு நுட்பம்: புதுத் தழை சேர்ந்ததும் நுண்ணுயிர் பெருகி, மண்ணில் ஏற்கெனவே இருந்த பழைய மக்கையும் சேர்த்துத் தின்பதுண்டு. 1926-லேயே லோனிஸ் என்பவர் பசுந்தாள் உர ஆய்வில் இதைக் கவனித்தார். பசுந்தாளோடு கொஞ்சம் தொழுவுரமும் சேர்த்துத் தொடர்ந்து இட்டுவந்தால் இந்த இழப்பை ஈடுகட்டலாம்.

ஒரு ஏக்கரில் எவ்வளவு கார்பன் இருக்கும்? கணக்குப் போடுவது எப்படி?

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். மேல் 15 செ.மீ. மண்ணின் கனஅளவு சுமார் 607 கனமீட்டர். பருமன் அடர்த்தி (ஒரு கனமீட்டர் மண்ணின் எடை) 1.4 டன் என்று வைத்தால் எடை 850 டன். அங்ககக் கார்பன் 0.5 சதவீதம் என்றால் 4.25 டன் கார்பன். முழுதும் வாயுவானால் 3.67-ஆல் பெருக்கி (ஒரு கிலோ கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 3.67 கிலோ கரியமில வாயு), 15.6 டன் கரியமில வாயு. சதவீதம் 0.1 ஏறினால் ஏக்கருக்கு 3.1 டன் காற்றிலிருந்து இறங்கியதாக அர்த்தம்.

பருமன் அடர்த்தியை அளக்காமல் சதவீதத்தை மட்டும் வைத்துக் கணக்குச் சொல்பவரிடம் கார்பன் ஒப்பந்தம் போடாதீர்கள். டிராக்டர் ஏறி இறுகிய மண்ணில் அதே 15 செ.மீ.யில் எடை அதிகம். ஒரு கிலோகூடச் சேராமலே கார்பன் கூடியதுபோலத் தெரியும்.

வெளிவரும் வாயுவை அளப்பது எப்படி? வீட்டில் பார்க்க முடியுமா?

வயலில் ஒரு வளையத்தை முந்தைய நாளே பதித்து, அதன்மேல் மூடியைப் பொருத்தி, உள்ளே வாயு ஏறும் வேகத்தை அகச்சிவப்புக் கருவியால் சில நிமிடம் அளக்கிறார்கள். கருவி இல்லாத ஆய்வகங்களில் பழைய முறைதான்: மூடிய பாத்திரத்தில் மண்ணோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை வைத்து, அது உறிஞ்சிய வாயுவின் அளவை, நிறங்காட்டி கலந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கண்டறிவது (தரம்பார்ப்பது). இளஞ்சிவப்பு மறையும் அந்த ஒரு துளிக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வீட்டில் செய்ய, அகல வாய் பாட்டில் இரண்டு எடுங்கள். ஒன்றில் ஈரப்பதமான வயல்மண் இரண்டு கைப்பிடி. மற்றதில் ஒன்றும் வேண்டாம். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி இரண்டிலும் வைத்து இறுக மூடுங்கள். ஓரிரு நாளில் மண் இருந்த பாட்டிலில் தெளிநீரின்மேல் வெள்ளை ஏடு கூடுதலாகப் படியும். தோட்ட மண், பாதை ஓர மண், தொழுவத்தருகே எடுத்த மண் என்று பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பல நேரங்களில். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். சுற்றியுள்ள மண்ணிலிருந்து கசிவதும், அடியில் கிடக்கும் சருகும் சேறும் மக்குவதால் வருவதும் கிணற்றுக்குள் தேங்கும், ஆக்சிஜன் குறையும். கரியமில வாயு 10 சதவீதத்தை எட்டினால் சில நிமிடங்களில் நினைவு போய்விடும். மழைக்கு முன்னும் புயல் சின்னம் இருக்கும் நாட்களிலும் காற்றழுத்தம் குறைவதால் மண்காற்று கிணற்றுக்குள் கூடுதலாகக் கசியும். நேற்று இறங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குப் பாதுகாப்பாகாது.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும்; ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதை அது காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே யாரும் குதிக்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது உயிர் போவது அப்படித்தான். 101 அல்லது 112-ஐ அழையுங்கள். மூச்சுக்கருவியோடு வருகிறவர்கள் இறங்கட்டும்.